மெக்சிக்கோ வழியே படகிழுக்கப்போகும் பிள்ளைக்கு

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: சூரிச் ஓர்லிகோனில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் வசிப்பவனும், சுவிட்சர்லாந்தில் உள்ள அத்தனை கோப்பைகளையும் ஒருமுறையாவது கழுவியவனும், உன் தகப்பனின் ஒரே தம்பியும், உன்னுடைய பள்ளிக்கூடப் படிவங்களில் தகப்பன் என்ற கட்டத்துக்குள் பத்து வருடங்களுக்கு மேலாகக் கையெழுத்துப் போட்டவனுமாகிய நான், எவரும் நம்ப முடியாத ஒரு கதையை இங்கே சொல்லப்போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். நீ நம்ப மாட்டாய். உன் அம்மா நம்ப மாட்டாள். இதை அச்சில் போடச் சம்மதித்த இதழ்க்காரரும் நம்பவில்லை. பக்கம் காலியாக இருக்கிறது, தாருங்கள் என்றார். தனிக் கடிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் தனியாக எழுதினால் நீ இரண்டு வரி வாசித்துவிட்டு ஒரு பெருவிரல் படத்தை அனுப்புவாய். ஊரே வாசித்தால் வெட்கத்துக்காவது முழுவதும் வாசிப்பாய்.

போன மாதம் லோசானிலிருந்து நீ ஒரு படம் அனுப்பினாய். அரிசோனாப் பாலைவனத்தில், ஒரு கள்ளிச்செடிக்குப் பக்கத்தில், ட்ரெய்லரில் ஏற்றிய பழைய பாய்மரப் படகு. கீழே ஒரு வரி: "சித்தப்பா, இதை நானும் லூக்காவும் வாங்கிட்டம். காரில கொழுவி மெக்சிக்கோவுக்குள்ளால இழுத்துக்கொண்டு போய்க் கடல்ல இறக்கப்போறம்." கல்யாணம் முடிந்து ஆறு மாதம். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு. தேனிலவுக்கு மற்றப் பிள்ளைகள் மாலைதீவு போகிறார்கள். அங்கே கடல் ஏற்கெனவே இருக்கிறது, படகும் ஏற்கெனவே கடலில் இருக்கிறது. நீ மட்டும் தண்ணீரே இல்லாத இடத்தில் படகு வாங்கி, அதைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாய்.

உன் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். படகை அல்ல, ட்ரெய்லரின் சில்லைப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய வள்ளத்துக்கு இவ்வளவு சின்னச் சில்லோ?"

"அது போதும் அண்ணி."

"போதும் எண்டு ஆர் சொன்னது? நீங்களோ?" என்றாள். பிறகு கீரை ஆய்ந்தாள். ஆய்ந்து முடித்த கீரையை மறுபடியும் ஆய்ந்தாள். கடைசியில், "தம்பி, நீங்கள் அவளுக்கு எழுதுங்கோ. போகாதை எண்டு எழுத வேண்டாம். நாங்கள் சொல்லி நிக்கிற பிள்ளையே அது? கவனமாப் போட்டு வா எண்டு எழுதுங்கோ. எங்கை போறாய், எதால போறாய் எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ. வெளிக்கிடுற பிள்ளை" என்றாள்.

எங்கள் வீட்டின் இந்தச் சட்டம் உனக்குத் தெரியும். புறப்படுகிறவரை மறித்து எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. யாராவது மறந்து கேட்டுவிட்டால், புறப்பட்டவர் திரும்பி உள்ளே வந்து, கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புறப்பட வேண்டும். கேட்காமல் இருக்கவே முடியாது என்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் நீ முதன்முதலாக லோசானுக்குப் படிக்கப் போனபோது சூரிச் ரயில் மேடையில் நின்று நானும் அதைத்தான் கேட்டேன். "என்ன சித்தப்பா, ரெண்டு மணித்தியாலம், டிக்கெட் எடுத்துத் தந்ததே நீங்கள்தானே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ரயில் போன பிறகு மேடையில் இருந்த வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தேன். ஏன் என்று இப்போது சொல்லப்போகிறேன். அதற்கு முன் மெக்சிக்கோ.

மூன்று வாரமாக நான் மெக்சிக்கோவைப் படித்தேன். அந்த நாட்டு ஜனாதிபதிக்குக்கூட இவ்வளவு தெரியாது. நோகாலெஸ் எல்லையிலிருந்து எர்மோசியோ வரை, அங்கிருந்து குவாய்மாஸ் கடற்கரை வரை ஒவ்வொரு மதகும் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். படகிழுத்தவர்கள் இணையத்தில் எழுதி வைத்திருப்பதை எல்லாம் மொழிபெயர்ப்புப் பொத்தானை அமத்தி அமத்தி வாசித்தேன். பகலில் மட்டும் ஓடு என்கிறார்கள். காசு கட்டிப் போகிற பெருந்தெருவை விடாதே என்கிறார்கள். ஊர்களுக்குள் வேகத்தடைகள் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி நிற்குமாம். காருக்கு அது ஒரு குலுக்கல், ட்ரெய்லருக்கு அச்சு முறிவு. உபரிச் சில்லு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். பேரிங்குகளும் கிரீசும் வேண்டும், ஏனென்றால் உன் ட்ரெய்லருக்குப் பொருந்துகிற சாமான் வழியில் கிடைக்காது. படகுக்கு எல்லையில் தனி அனுமதிப் பத்திரம். இராணுவம் மறித்தால் கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கையைத் தெரிய வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். இந்தக் கடைசியை வாசித்தபோது மட்டும் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஆபத்தா என்று கேட்டால், ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் எழுதுகிறார்: பல வருடமாகப் போய்வருகிறேன், வழியில் எனக்கு நடந்த ஒரே கெடுதல் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டதுதான். சில்லுப் பஞ்சராகி நின்றபோது ஒரு குடும்பமே இறங்கிவந்து மாற்றித் தந்துவிட்டுத் தோடம்பழமும் தந்ததாம். இன்னொருவர், புத்தியுள்ளவன் போக மாட்டான் என்கிறார். கேட்டுப் பார்த்தால் அவர் ஒரு தடவையும் போனதில்லை. நான் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நல்ல பக்கம் தாழ்ந்துகொண்டே போனது. போனேன், வந்தேன், போனேன், வந்தேன் என்று எத்தனையோ பேர். எனக்கு நெஞ்சு லேசாகத் தொடங்கியது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பதில் எழுதியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தவர்கள். திரும்பி வராதவன் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதுவதில்லை. அன்றோடு தராசைக் கீழே வைத்துவிட்டேன். மெக்சிக்கோவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, பிள்ளை. எங்கள் நாட்டு றோட்டுகளிலிருந்து வந்தவன் நான்.

இனிச் சத்தியம் செய்த கதை. நான் எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிய காலம் உனக்குத் தெரியும். அங்கே என் முதலாளிக்கு ஒரு பாய்மரப் படகு இருந்தது. கோயில் தேரை விடப் பெரியது. அதன் பாய்மர நுனியில் கழுகுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பேரப்பிள்ளைகள் கண்டிருந்தன. மாரி முழுவதும் அது சூரிச் ஏரிக்கரையில் கிடக்கும்; கோடை வந்தால் யூலியர் கணவாய் வழியாக மலையேற்றிச் சில்வப்ளானா ஏரியில் இறக்குவார். அந்த வருடம் உதவிக்கு வழமையாகப் போகிறவனுக்குக் காய்ச்சல். "நீ கடற்கரை ஊர்க்காரன்தானே, வா" என்று என்னை ஏற்றிவிட்டார். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கெல்லாம் படகு தெரியும் என்று சுவிஸ்காரர் நம்புகிறார்கள். நானும் மறுக்கவில்லை.

சூரிச்சில் படகைக் கொழுவிக்கொண்டு புறப்படுகிற நேரம் ஹோட்டலில் இருந்து முதலாளியின் மனைவியின் தொலைபேசி. காரின் ஒலிபெருக்கியில் போட்டார். அவள் கேட்டாள்: "எங்கே போகிறீர்கள்? எந்த வழியால்? எங்கே நிறுத்துவீர்கள்? எத்தனை மணிக்கு வருவீர்கள்?" ஒன்றல்ல, நான்கு. அவரும் நான்குக்கும் பதில் சொன்னார். புறப்படுகிற நேரத்தில், காரின் எஞ்சின் உறுமிக்கொண்டு இருக்கையில். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நான் கதவைத் திறந்து இறங்கினேன். "ஷெஃப், இறங்குங்கோ. இருக்கோணும். தண்ணி குடிக்கோணும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் எனக்குத் தலைசுற்று என்று நினைத்து, ஏரிக்கரை வாங்கில் என்னை இருத்தி, ஒரு போத்தல் தண்ணீர் தந்து, நாடி பிடித்துப் பார்த்தார். "நீங்களும் குடியுங்கோ" என்று வற்புறுத்தினேன். குடித்தார், பாவம். நான்கு கேள்விக்கு நான்கு மிடறு.

பிறகு மலை. யூலியரில் உள்ள வளைவுகள் எவ்வளவு நெருக்கமென்றால், ஒரு திருப்பத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு படகு மெல்ல ஊர்ந்து போவதைக் கண்டு முதலாளி ஹோர்ன் அடித்தார். உற்றுப் பார்த்தால் அது எங்களுடைய படகின் பின்பக்கம். அடுத்த வளைவில் எதிரே மஞ்சள் பஸ் வந்தது. மலையில் பஸ்ஸுக்குத்தான் முதல் உரிமை. நாங்கள் பின்னுக்கு எடுக்க வேண்டும். அப்போதுதான் படகிழுப்பதில் உள்ள முழுப் பயங்கரத்தையும் நான் கண்டேன். காரை ஒரு பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் மறுபக்கம் போகிறது. முன்னுக்குப் போகலாம், நிற்கலாம். திரும்பி வருவது மட்டும் முடியாது. எட்டு நாள் அங்கே நின்றோம். பஸ்ஸுக்குள் இரண்டு குடும்பம் சம்பந்தம் பேசி, கல்யாணம் முடித்து, எங்களுக்கும் பலகாரம் தந்தார்கள். கடைசியில் பஸ்காரரே இறங்கிவந்து முதலாளியைத் தள்ளி இருக்கச் சொல்லி, ஒரு கையால் எங்கள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஒதுக்கிவிட்டுப் போனார். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளியின் மனைவி வாசலில் நின்றாள். தேடிக்கொண்டு புறப்பட ஆயத்தமாகக் காரின் திறப்பு கையில் இருந்தது. எந்த வளைவு வரை தேட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த வருடம் நான் ஊருக்குப் போனேன். போரை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம், றோட்டுத் திறந்திருந்தது. உனக்கு ஐந்து வயது. ஒரு பின்னேரம், எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையை எடுத்துவிட்டேன். உன் அப்பா, என் அண்ணை, சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து விழப் பார்த்தார். பஸ்ஸுக்குள் நடந்த கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சிரிக்கவில்லை. அந்த மனைவியின் கேள்விகளுக்குத்தான்.

"நாலும் கேட்டவளோடா? வெளிக்கிடேக்கையோ?"

"ஓம் அண்ணை. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு."

"அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லைப் போல," என்று உன் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீயும் ஏன் என்று தெரியாமல் கைதட்டினாய். நான் அந்தப் பெண்ணின் குரலைப் போலக் கதைத்துக் காட்டினேன். எங்கை, எதால, எங்கை, எத்தனை மணிக்கு. மறுபடி மறுபடி கேட்டுச் சிரித்தோம்.

மறுநாள் காலை உன் அப்பா லாண்ட்மாஸ்டரில், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், இழுவைப் பெட்டியைக் கொழுவி, பெட்டிக்கு மேல் தன்னுடைய பழைய வள்ளத்தைக் கயிற்றால் கட்டினார். முல்லைத்தீவுப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அங்கே போக இரண்டு வழி. கண்டி றோட்டால் போய் இடையில் கிழக்கே திரும்பலாம். கிழக்குக் கரையோடு மணல் பாதையாலும் போகலாம். எந்த வழி நல்லது என்று அந்த நாட்களில் எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் மாறும். நான் கேற்றைத் திறந்துவிட்டேன். அவர் கேற்றடியில் நிறுத்தினார். எஞ்சின் துடித்துக்கொண்டு இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். அங்கே அவர் ஒரு யுகம் நின்றார், பிள்ளை. கேற்றடிப் பூவரசு மூன்று தரம் பூத்துக் கொட்டியது. சூரியன் ஏழு தடவை எழும்பிப் படுத்தது. எனக்கு நாக்கின் நுனியில் கேள்வி இருந்தது. ஆனால் முதல்நாள் அதே கேள்வியை நானே நக்கலடித்துச் சிரிக்க வைத்திருக்கிறேன். பின்னால் உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"தூரமோ அண்ணை?" என்றேன்.

"ஓம். கொஞ்சம் தூரந்தான்," என்றார். சிரித்தார். போனார்.

மூன்று நாள் நாங்கள் கண்டி றோட்டில் தேடினோம். நானும் இன்னும் இரண்டு பேரும். ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் கேட்டோம்: வள்ளம் ஏற்றின லாண்ட்மாஸ்டர் ஒன்று போனதோ? அப்படி ஒன்று போனால் எவருக்கும் மறக்காது. எவரும் காணவில்லை. நான்காம் நாள், கரைப் பக்கமிருந்து வந்த ஒரு மீன்காரர் சொன்னார், புறப்பட்ட அன்றைக்குப் பின்னேரம் மணல் பாதையில் அவரைக் கண்டதாக. சில்லு மணலில் புதைந்து நின்றதாக. தள்ளிவிடட்டோ என்று கேட்டதற்கு, ஆள் வரும், நீங்கள் போங்கோ என்று சொன்னதாக. ஆள் வரும் என்று எங்களைத்தான் நினைத்தாரோ என்னவோ. நாங்கள் போனபோது மணலில் ஒரு கயிறு மட்டும் கிடந்தது. வள்ளமும் இல்லை, லாண்ட்மாஸ்டரும் இல்லை. யார், என்ன, ஏன் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. பின்னுக்கு எடுக்கத் தெரியாத ஒரு வண்டியோடு அவர் அங்கே நின்றார். நாங்கள் மற்ற றோட்டில் தேத்தண்ணி குடித்துக் குடித்து விசாரித்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு நீங்கள் இருவரும் இங்கே வந்தீர்கள். அப்பா எங்கே என்று நீ கேட்கத் தொடங்கினாய். உனக்கு மட்டும் கேட்கக் கூடாது என்ற சட்டம் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கதை விட்டேன். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டார், திமிங்கிலம் ஒன்றோடு சண்டை, திமிங்கிலம் தோற்று மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறது, இப்போது ஒரு பெரிய கப்பலுக்குக் கப்டன், காற்றுச் சரியில்லாதபடியால் சுணங்குகிறது. இரண்டாம் வகுப்பில் நீ அதை அப்படியே எழுதிவிட்டாய். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, பிள்ளையின் தகப்பன் உண்மையில் கப்டனா என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்த ஓம்தான் என் வாழ்நாளின் இரண்டாவது பெரிய பிழை. முதலாவது என்ன என்று உனக்கு இப்போது தெரியும்.

நீ லோசானுக்குப் போனாய், ஏரியைக் கண்டாய், படகில் பாய் கட்டப் பழகினாய். உன் அம்மா, "இது எங்கையிருந்து வந்த ஆசை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கு முன்பே, பதினாறு வயதில் உனக்கு அப்பாவைக் காணவில்லை என்ற உண்மையை அம்மா சொன்னாள். ஆனால் இரண்டு வழி இருந்ததையும், நாங்கள் பிழையான வழியில் தேடியதையும், நான் கேட்காமல் விட்டதையும் அவள் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாள். அல்லது, அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினாள். கேட்டிருந்தாலும் கெட்டிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறாள். நம்பட்டும். அவள் படுத்தெழும்ப ஏதாவது வேண்டும்தானே.

உன்னைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லுகிற தகுதியை அந்தக் கேற்றடியில் தொலைத்துவிட்டேன். லூக்கா நல்ல பிள்ளை. ஆனால் அவன் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்து நான் காணவில்லை. பறந்து போன அடுத்த நாளே புறப்பட்டுவிடாமல், எங்காவது வெறும் மைதானத்தில் நாள் முழுவதும் பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள். சில்லு புதைந்தால், யார் தள்ளிவிடட்டோ என்று கேட்டாலும் ஓம் என்று சொல்லு. வீராப்பு வேண்டாம். அது எங்கள் குடும்ப வியாதி.

சனிக்கிழமை நீ விமான நிலையத்துக்குப் போக முன் இங்கே சாப்பிட வருவாய். கையைக் கழுவிப் பெட்டியைத் தூக்குவாய். அப்போது நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். உன் அம்மா பார்த்துக்கொண்டு நிற்கையில், ஊரெல்லாம் இந்த இதழை வாசித்திருக்கையில், கேட்பேன். எங்கை போறாய், பிள்ளை? எந்த வழியால போறாய்? எங்கை தங்குவாய்? எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய்? நான்கும் கேட்பேன். நீ ஒரு கடதாசியில் எழுதித் தர வேண்டும். வழி மாறினால் மாறிய இடத்திலிருந்து சொல்ல வேண்டும். உன் அம்மா அழுவாள், என்னை ஏசுவாள், தண்ணீர் கொண்டுவருவாள். கதிரையில் இருந்து குடி. நானும் குடிக்கிறேன். சகுனப் பிழை எல்லாம் என் தலையில். பிறகு போட்டு வா.

எவரும் நம்பாத கதை சொல்வதாகச் சத்தியம் செய்தேன், காப்பாற்றிவிட்டேன். பஸ்ஸுக்குள் கல்யாணம் நடக்கவில்லை. எட்டு நாள் அல்ல, கால் மணித்தியாலம். கழுகுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. பூவரசு மூன்று தரம் பூக்கவும் இல்லை. அதில் அன்றைக்கு ஒரு பூக்கூட இருந்ததாக நினைவில்லை. ஆனால் ஒரு சின்னத் துண்டு உண்மை. அவர் கேற்றடியில் நின்றார். கேட்பதற்கு நேரம் இருந்தது.